சடையை அடியிலிருந்து சொல்லிக்கொடுங்கள்

கேள்வி:

எங்கள் வீடு டோம்பிவிலியில். மும்பை ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறே முக்கால் லோக்கல் ரயிலைப் பிடித்தாக வேண்டும். மகளுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது, மூன்றாம் வகுப்பு. இடுப்பு வரை முடி. பள்ளிக்கு ரெட்டைச் சடை போட்டு, மடித்து, ரிப்பன் கட்ட வேண்டும். இதுவரை என் மாமியார்தான் பின்னிவிடுவார். ஆறு மாதமாக அவருக்கு விரல் மூட்டுகளில் வீக்கம். சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மகளுக்கே கற்றுக்கொடுத்துவிடலாம் என்று ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து முயல்கிறேன். கண்ணாடி முன் நிறுத்தி, பின்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். மூன்று பிரியையும் குழப்பிவிட்டு அழுகிறாள். நான் கத்துகிறேன். அவள் இடக்கைக்காரி, அதனால்தான் வரவில்லை என்கிறார் மாமியார். பேசாமல் முடியை வெட்டிவிடு என்கிறார் கணவர். "முடி ஒழுங்காக இல்லை" என்று பள்ளி டைரியில் இரண்டு முறை எழுதி அனுப்பிவிட்டார்கள். ஏழாவது படிக்கும் மகன் "நான் பின்னிவிடறேன்" என்று வருகிறான். "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா சடை" என்று ஆச்சி விரட்டுகிறார். எந்த வயதில் ஒரு குழந்தைக்குத் தானே பின்னிக்கொள்ள வரும்? என் மகளுக்கு ஏதாவது குறை இருக்குமோ? மற்றபடி நன்றாக எழுதுகிறாள், பொத்தான் போடுகிறாள், ஷூ லேஸ் கட்டுகிறாள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளுக்குக் குறை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுவதிலும் அந்த ஒரு வரியில்தான் உங்கள் கலக்கம் அப்படியே தெரிகிறது. எழுதவும், பொத்தான் போடவும், லேஸ் கட்டவும் தெரிந்த எட்டு வயதுக் கைகள் நல்ல கைகள். சொல்லிக்கொடுக்கும் இடமும் நேரமும்தான் சரியில்லை. காலை ஆறு மணி, கண்ணாடி, அவளுடைய சொந்தத் தலை. மூன்றுமே கடினமானவை, மூன்றும் சேர்ந்தால் பெரியவர்களுக்கே அழுகை வரும்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். நாலைந்து வருடமாக அவளுக்கு தினமும் சடை பின்னப்படுகிறது. ஆனால் தன் சடை பின்னப்படுவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. எல்லாம் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுபடுவது, "ஆடாம உட்காரு" என்ற குரல், கடைசியில் தோளில் வந்து விழும் ஒரு கனம், அவ்வளவுதான். தோசை வார்ப்பதை அடுப்படி வாசலில் நின்று நூறு தடவை பார்த்திருப்பாள். கரண்டியைக் கையில் கொடுத்தால் கோணல்மாணலாகவாவது ஒரு வட்டம் வந்துவிடும். சடை விஷயத்தில் அவளுக்கு அந்தப் பார்த்த பழக்கமே கிடையாது. கண்ணாடி இதற்கு உதவாது. அதில் முன்பின் மாறித் தெரியும்; முன்னால் கொண்டுவா என்றால் கை பின்னால் போகும். போதாததற்குப் பிடரியில் நடப்பது எதுவும் அதில் தெரியாது. கண்ணாடியை இந்த வருடத்துக்கு மறந்துவிடுங்கள்.

வயதைக் கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடத்துக்கு மேலாகக் குழந்தைகளின் கை வேலையைப் பார்த்து வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கண்ணெதிரே தொங்கும் கயிற்றில் மூன்று பிரிப் பின்னல் போடுவது ஏழு வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிடிபட்டுவிடும். இன்னொருவர் தலையில் பின்னுவது எட்டு வயதில் வரும். தன் சடையைத் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு பின்னுவதற்கு எட்டிலிருந்து ஒன்பது. வகிடு எடுப்பதிலிருந்து ரிப்பன் கட்டுவது வரை எல்லாம் தானே செய்துகொள்ளப் பத்து, பதினொன்று ஆகிவிடும். ஆறு மாதம் முன்பின்னாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆக, நீங்கள் எட்டு வயதுப் பெண்ணிடம் பத்து வயது வேலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இடக்கை விஷயத்தில் உங்கள் மாமியார் கவலைப்பட வேண்டியதில்லை. கத்தரிக்கோல், டப்பா திறப்பான் போன்றவை வலக்கைக்காரர்களுக்கென்று செய்யப்பட்டவை, அவற்றில் இடக்கைக் குழந்தைகள் உண்மையிலேயே கஷ்டப்படுவார்கள். சடையில் இரண்டு கைக்கும் சரிபாதி வேலை. வலப்பக்கத்திலிருந்து தொடங்கினாலும் இடப்பக்கத்திலிருந்து தொடங்கினாலும் பின்னல் ஒன்றுதான். அவளை இடப்பக்கத்திலிருந்து தொடங்க விடுங்கள், அது போதும்.

சரி, கயிற்றுக்கு வருவோம். பழைய துப்பட்டாவோ, நைந்த பருத்திப் புடவையோ இருந்தால் மூன்று நிறத்தில் மூன்று துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். விரல் தடிமன், ஒரு முழம் நீளம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, அவள் உட்கார்ந்தால் நெஞ்சுக்கு நேராக வரும் உயரத்தில் ஜன்னல் கிரில்லில் கட்டுங்கள். நீங்கள் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் கையும் அவள் கையும் ஒரே திசையில் போக வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், வழுக்கும். பார்பி பொம்மையின் முடியும் வேண்டாம். அது அதைவிட வழுக்கும், பிரியும் மெல்லியது.

இப்போது பிடி. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் குழந்தைகள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். பிரி மூன்று, கை இரண்டு. அதனால் எப்போதும் ஒரு கையில் இரண்டு பிரி இருக்கும், இன்னொரு கையில் ஒன்று இருக்கும். நமக்குப் பழகிப்போனதால் இதை நாம் கவனிப்பதே இல்லை. "ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவா" என்று மட்டும் சொல்கிறோம். குழந்தைக்கு அதைவிடத் தேவையான விஷயம் வேறு: எந்தக் கை கொடுக்க வேண்டும், எந்தக் கை வாங்க வேண்டும்? விதி சுலபம். இரண்டு வைத்திருக்கிற கைதான் கொடுக்கும். தன்னிடமிருக்கும் ஓரத்துப் பிரியை நடுப்பிரிக்கு மேலாகத் தாண்ட வைத்து அடுத்த கைக்குக் கொடுக்கும். வாங்கிய கையில் இப்போது இரண்டு. அடுத்து அது கொடுக்கும். கொடு, வாங்கு, கொடு, வாங்கு. இரண்டு வைத்திருக்கும் கையில் அந்த இரண்டுக்கும் நடுவே ஆள்காட்டி விரல் நிற்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும். ஒவ்வொரு முறை கைமாறியதும் இரண்டு கையையும் பக்கவாட்டில் லேசாக விரித்து இழுக்க வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் இறுகாது.

இந்த விதியில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. நடுவில் வாசல் மணி அடித்தது, அண்ணன் ஏதோ கேட்டான், கவனம் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. அவிழ்க்கத் தேவையில்லை. எந்தக் கையில் இரண்டு இருக்கிறதோ அதுதான் கொடுக்க வேண்டிய கை. அம்மாவைக் கூப்பிடாமலே அவள் தொடர்ந்துவிடுவாள்.

நிறத்தில் இன்னொரு வசதி. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரிசையாகத் தொடங்கி ஆறு முறை கைமாற்றினால், மறுபடியும் அதே வரிசையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வந்து நிற்கும். ஐந்தில் வராது, ஏழில் வராது. நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். இதைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். "ஆறு தடவை போட்டுட்டு நிறத்தைப் பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். சரியாகச் செய்தோமா இல்லையா என்று உங்கள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். அழுகை பாதியாகக் குறைவது இங்கேதான்.

என்னிடம் வந்த ஒரு சின்னப் பெண், சயான் கோலிவாடாவிலிருந்து வருபவள், இதைத் தானாகவே லோக்கல் ரயிலாக மாற்றிக்கொண்டாள். மூன்று பேர் உட்காரும் சீட். ஓரத்தில் இருப்பவள் எழுந்து நடு சீட்டுக்கு வருகிறாள், நடுவில் இருந்தவள் நகர்ந்து ஓரத்துக்குப் போகிறாள். "இப்ப இந்தப் பக்க ஆன்ட்டி நடுவுக்கு வராங்க. இப்ப அந்தப் பக்க ஆன்ட்டி." நாக்கின் நுனி உதட்டோரம் துருத்திக்கொண்டிருக்க, ஒவ்வொரு ஆன்ட்டியையும் மரியாதையாக நடு சீட்டில் உட்கார வைத்தாள். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் எதையும் அவள் பயன்படுத்தவில்லை. உங்கள் மகளும் தனக்கென்று ஒரு பேச்சு கண்டுபிடிப்பாள். அது வாய்விட்டு வரட்டும். வாய் சொல்லச் சொல்லத்தான் கை பழகும். கை பழகிய பிறகு வாய் தானாக நின்றுவிடும்.

ஒரு முழம் என்று அளவு சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மேல் முனை கட்டியிருக்கிறது, கீழ் முனை தொங்குகிறது. மேலே ஒரு பின்னல் விழும்போது, கீழே தொங்கும் நீளத்தில் அதற்கு எதிர்ப்பின்னல் தானாக விழும். அதனால்தான் நீள முடியில் நாலைந்து மாற்றுக்கு ஒருமுறை பெரியவர்கள் விரலை உள்ளே விட்டுக் கடைசிவரை உருவிவிடுகிறார்கள். உங்கள் மாமியாரும் அப்படித்தான் செய்திருப்பார். கை தானாகச் செய்வதால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் மகளுக்கோ இடுப்பு வரை முடி. மேலே சரியாகப் பின்னியும் கீழே சிக்காகிக் கிடந்தால், தான் தப்பாகச் செய்துவிட்டதாகவே நினைப்பாள். முதலில் குட்டைக் கயிறு. பழகிய பிறகு நீளமானது கட்டி, உருவிவிடுவதையும் ஒரு வேலையாகவே சொல்லிக்கொடுங்கள்.

மாலையில் பத்து நிமிடம் போதும். கொட்டாவி விட ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள்.

இனி அவள் தலைக்கு வருவோம். இதற்கு என் தொழிலில் தினமும் கையாளும் ஒரு முறை இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபியை இந்தியாவில் ஒரு படிப்பாகத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். 1950இல், நம் மும்பையிலேயே, பரேல் கே.இ.எம். மருத்துவமனையில். உடுத்துவது, உண்பது, தலை வாருவது என்று தினசரி வேலைகளைக் கொண்டே கைகளைத் தேற்றுவதுதான் இந்தத் தொழில். நீளமான ஒரு வேலையைக் குழந்தைக்குப் பழக்கும்போது பெரும்பாலும் நாங்கள் கடைசிப் படியிலிருந்து தொடங்குவோம். முன்னால் உள்ளதையெல்லாம் பெரியவர்கள் செய்துவிடுவார்கள். கடைசித் துண்டைக் குழந்தை செய்யும். முதலிலிருந்து தொடங்கினால் குழந்தை தினமும் பாதியில் தோற்று, மிச்சத்தை நம்மிடம் ஒப்படைக்கும். கடைசியிலிருந்து தொடங்கினால் தினமும் முடித்துவிட்டு எழுந்திருக்கும்.

சடைக்கு இது அளந்து தைத்தது போலப் பொருந்தும். ரெட்டைச் சடையின் அடிப்பகுதி தோளுக்கு முன்னால், கண்ணுக்கு எதிரே வந்து விழுகிறது. முதல் வாரம் நீங்களே முக்கால்வாசி பின்னிவிட்டு, கடைசி நாலு விரற்கடையை அவளிடம் கொடுங்கள். பின்னி ரப்பர் பேண்ட் போடுவது அவள் பொறுப்பு. அடுத்த வாரம் ஒரு சாண். அதற்கடுத்த வாரம் தோளிலிருந்து. இப்படி அவளுடைய பங்கு அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும், உங்கள் பங்கு காதோரம் வரை சுருங்கும். ஒவ்வொரு நாளும் "முடிச்சிட்டேன்" என்று சொல்பவள் அவளாகவே இருப்பாள்.

காதோரம்தான் கடினம். அங்கே கை மேலே தூக்கியபடி நிற்க வேண்டும், தோள்பட்டை சீக்கிரம் கடுக்கும், கண்ணுக்கும் தெரியாது. அதைத் தாண்ட ஒரு வழி: வகிடு எடுத்துப் பிரித்ததும் இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் குதிரைவால் போல ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். பிறகு அதைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டால், ஜன்னல் கிரில்லில் கட்டிய கயிறும் அதுவும் ஒன்றுதான். பிடி தளராது, நடுவில் கைவிட்டாலும் முழுச் சடையும் அவிழாது. மடித்து ரிப்பன் கட்டியபின் அந்த ரப்பர் பேண்ட் வெளியே தெரியக்கூடத் தெரியாது. துணி சுற்றியதாக வாங்குங்கள். வெறும் ரப்பர் முடியைப் பிய்த்துக்கொண்டு வரும்.

வகிடு கடைசியாக வரட்டும். நெற்றியிலிருந்து பிடரிவரை நேர்கோடாக எடுப்பது பெரியவர்களுக்கே தன் தலையில் கோணிப்போகும். இரண்டு வருடம் அதை வேறொருவர் செய்துகொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் காலை நேரத்தை என்ன செய்வது? காலையில் சடைக்கு நேரம் தேடாதீர்கள், இராத்திரியில் தேடுங்கள். படுக்கும் முன் சிக்கெடுத்து, தளர்வாக ஒற்றைச் சடை போட்டுப் படுக்க வையுங்கள். காலையில் சிக்கு இருக்காது, வகிடு எடுத்துப் பிரித்துப் பின்னினால் முடிந்தது. சிக்கெடுப்பதையும் அடியிலிருந்துதான் செய்ய வேண்டும். உச்சியில் சீப்பை வைத்து இழுத்தால் மேலே இருக்கும் சிறு சிக்கெல்லாம் கீழே திரண்டு ஒரே முடிச்சாகிவிடும். பெரிய பல் சீப்பால் நுனியில் நாலு விரற்கடை, அது சரியானதும் அதற்கு மேலே நாலு விரற்கடை. சிக்குக்குச் சற்று மேலே முடியை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு இழுத்தாலும் தலைக்கு வலி போகாது. அந்தப் பிடியை முதல் நாளே அவளுக்குக் காட்டிவிடுங்கள். தலைவாரலுக்குப் பயப்படும் பல குழந்தைகளுக்கு அந்த ஒரு பிடி தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடுகிறது.

ஈர முடியைப் பின்ன வேண்டாம். மழைக்காலத்தில் நம் ஊரில் துண்டே காயாது, இடுப்பு வரை முடி எங்கே காயும்? நனைந்த முடி ரப்பர் மாதிரி இழுபடும், சுலபமாக அறும். உள்ளே ஈரம் தங்கி நாறும். செப்டம்பர் முடியும்வரை தலைக்குளியலைச் சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இழுத்துப் பின்னினால்தான் முடி நீளமாக வளரும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. முடி வேரிலிருந்து வளர்வது, மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். எப்படிக் கட்டினாலும் அந்த வேகம் மாறாது. ஆனால் தினமும் இறுக்கி இழுத்தால் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலேயும் முடி மெலிந்து பின்வாங்கும். டிராக்‌ஷன் அலோபீசியா என்பார்கள் தோல் மருத்துவர்கள். ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்பி வந்துவிடும். பல வருடம் விட்டால் வேரே போய்விடும். பின்னி முடித்ததும் அவள் புருவம் மேலே ஏறியிருக்கிறதா, நெற்றியோரம் சிவந்தோ சின்னச் சின்னப் பருவாகவோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள். தொளதொளவென்று தானே பின்னிய சடை, இறுக்கிப் பின்னிய சடையைவிட அவள் தலைக்கு நல்லது. டைரியில் எழுதும் ஆசிரியையிடம் இதைச் சொல்லுங்கள். "மகள் தானே பின்னப் பழகுகிறாள், இரண்டு மாதம் சற்றுக் கலைந்து இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டால், பெரும்பாலான ஆசிரியைகள் குழந்தையை அதட்டமாட்டார்கள், பாராட்டக்கூடச் செய்வார்கள்.

மகனை விடுங்கள், பின்னட்டும். காலையில் வீட்டில் இருக்கும் நல்ல கைகள் அவனுடையவைதான். தங்கை தலையைத் தொட அவனுக்கே ஆசை இருக்கும்போது அதைத் தடுப்பானேன்? மாட்டுங்கா பூக்கடைகளில் மல்லிகை கட்டுகிற ஆண்களின் விரல்களை ஆச்சி எத்தனை தடவை பார்த்திருப்பார். அந்தக் கையிலிருந்து வாங்கிய பூவைத்தான் தலையில் வைத்துக்கொண்டும் இருப்பார். அதை நினைவுபடுத்துங்கள். பன்னிரண்டு வயதில் தங்கைக்கு வகிடு எடுத்துவிட்ட பையன், நாளைக்குத் தன் மகளுக்குப் பின்னிவிடத் தயங்கமாட்டான். உங்கள் கணவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். முடியை வெட்டச் சொல்லும் முன் அவரும் ஜன்னல் பக்கம் வந்து அந்தக் கயிற்றில் ஆறு மாற்று போட்டுப் பார்க்கட்டும்.

வெட்டுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. கிராப்பில் அழகாக இருக்கும் குழந்தைகள் எத்தனையோ பேர். ஆனால் இடுப்பிலிருந்து தோளுக்கு வெட்டினால் அந்த முப்பது நாற்பது சென்டிமீட்டர் திரும்ப வளர மூன்று வருடம் ஆகும். அழுகையும் கத்தலுமான ஒரு காலையில் அந்த முடிவை எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக அவளிடமே கேளுங்கள். அவளுக்கு நீள முடி பிடித்திருந்தால் ஒரு சாண் மட்டும் குறைக்கலாம். முதுகு நடுவரை இருந்தால் சடையின் நுனி அவள் கைக்கு எட்டும் தூரத்திலேயே நிற்கும், கீழே சிக்கு விழுவதும் குறையும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

அண்ணனும் தங்கையும் மாறி மாறிப் பழகும்போது சீப்பு தனித்தனியாக இருக்கட்டும். பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை உரசினால் ஏறும், சீப்பிலும் கொஞ்சம் வரும். வந்துவிட்டால் ஒருமுறை மருந்து போட்டு நிறுத்திவிடாதீர்கள். ஈர் பொரிய ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், அதனால் ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடியும் பார்த்துப் பேன் சீப்பால் வார வேண்டும்.

எப்போது என்னைப் போன்றவர்களிடம் அழைத்து வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மற்ற வாசகர்களுக்கும் உதவும். எட்டு வயதிலும் பொத்தான், ஜிப் எல்லாம் தகராறு, பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கிறாள், இடப்பக்கப் பொருளை இடக்கையாலும் வலப்பக்கப் பொருளை வலக்கையாலும் மட்டுமே எடுக்கிறாள், நடுவைத் தாண்டிக் கையை நீட்டுவதில்லை, ஒரு கை வேலை செய்யும்போது மற்றது சும்மா தொங்குகிறது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் மாமியாரின் விரல்கள். வயதானால் வருவதுதான் என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டீர்கள். அவரிடம் ஒன்று கேளுங்கள்: காலையில் எழுந்ததும் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? அரை மணி, ஒரு மணி நேரம் விறைத்தே இருக்கிறது, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்குகிறது என்றால் அது வெறும் தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு, ஆனால் மூட்டு கோணும் முன் தொடங்க வேண்டும். இந்த மாதத்துக்குள் மூட்டுவாத மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். சீப்பு பிடிக்கத்தானே முடியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அவரை இந்தப் பாடத்திலிருந்து ஒதுக்கியும் வைக்காதீர்கள். இத்தனை வருடம் காலையில் பேத்தியின் தலை அவர் மடிக்கு முன்னால் இருந்தது. திடீரென்று அது போய்விட்டது. பேரனை விரட்டுவதில்கூட அந்த வருத்தம் கொஞ்சம் இருக்கலாம். கயிறு பழகியதும் உங்கள் மகள் முதலில் பின்னும் தலை ஆச்சியுடையதாக இருக்கட்டும். ஆச்சியைக் கீழே பாயில் உட்கார வைத்து, அவள் பின்னால் நாற்காலியில் உட்காரட்டும். முடி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, குட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. தொளதொளப்பா, இறுக்கமா என்று பார்க்காமலே சொல்ல ஆச்சிக்குத் தெரியும். "இடது பக்கம் இழுக்குது பாரு, கொஞ்சம் விடு" என்று அவர் சொல்வதை என்னால் எழுத்தில் சொல்லித்தர முடியாது.

தீபாவளி விடுமுறைக்குள் தோளிலிருந்து அடிவரை அவளே பின்னிவிடுவாள் என்று எதிர்பார்க்கிறேன். மூன்று பிரி கைவந்த குழந்தைகள் பெரும்பாலும் அடுத்த மாதமே நாலுகால் பின்னல் கேட்பார்கள். அது உங்களுக்குத் தெரியவில்லையென்றால் ஆச்சியைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். ஜன்னலில் இன்னொரு துண்டு கட்டிவிடுங்கள், நீல நிறத்தில்.